கொழும்பின் பழைய கல்லறைகள்: முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகு இடத்தை

பொரளை கனத்தை மயானத்தில் 1820களின் ஆண்டு பொறித்த ஆங்கிலக் கல் ஒன்று கண்ணில் பட்டால், கல்லை நம்பலாம், அது நிற்கும் இடத்தை நம்பக் கூடாது. அந்தக் காலத்தில் கொழும்பு ஆங்கிலேயர் தங்கள் இறந்தோரைப் புதைத்தது காலிமுகத்திடல் பக்கத்துச் சேமக்காலையில். 19-ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு அதை மூடினார்கள், கற்கள் பொரளைக்கு வந்தன. கொழும்பில் பழைய கல்லறை தேடுகிற எவருக்கும் முதல் பாடம் இதுதான். இந்த ஊரில் கல்லறைக் கற்கள் குடிபெயர்ந்தவை. ஆகவே தேடும்போது முதலில் இறந்த ஆண்டு, அடுத்து சமயம், கடைசியில்தான் இடம். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கனத்தைக்குள் வெயிலில் அரை நாள் சுற்றி வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

இன்னொரு தடுமாற்றம் சொல்லில் வரும். கிறிஸ்தவர்களுக்குச் சேமக்காலை, முஸ்லிம்களுக்கு மையவாடி, சைவர்களுக்குச் சுடலை, மாநகரசபைக் கடிதங்களில் மயானம். ஓட்டோக்காரரிடம் ‘பழைய சேமக்காலை’ என்றால் ஒரு தேவாலய வாசலில் இறக்கிவிடுவார். ‘கனத்த’ என்ற சிங்களச் சொல்லுக்குப் பயிரிடாத பற்றைக்காடு என்று பொருள். பொரளைக்கு ஒரு காலத்தில் பொருந்திய பெயர்தான்.

கால வரிசையில் போனால் கோட்டையில் தொடங்க வேண்டும், ஆனால் அங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. கோட்டே அரசன் தர்மபால 1597-இல் கொழும்பில் இறந்தான். ஞானஸ்நானம் பெற்றவன் என்பதால் பிரான்சிஸ்கன் துறவிகளின் தேவாலயத்தில் புதைத்தார்கள். தேவாலயமும் இல்லை, கல்லும் இல்லை. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டைத் தேவாலயம் நின்றது இன்றைய கோர்டன் தோட்டப் பக்கம், ஜனாதிபதி மாளிகையை ஒட்டிய இடம். அதன் கல்லறைகளை ஆங்கிலேயர் 1813-இல் பெயர்த்து வுல்பெண்டால் தேவாலயத்துக்குக் கொண்டு போனார்கள். கோட்டையில் தேடும் ஒல்லாந்தப் பெயர் எதுவானாலும் போக வேண்டிய இடம் வுல்பெண்டால்தான். கோட்டை புனித பேதுரு தேவாலயச் சுவர்களில் பலகைகள் நிறைய உண்டு. அவை நினைவுப் பலகைகள், கல்லறைகள் அல்ல. சுவரில் பெயர் இருப்பதால் ஆள் அடியில் கிடக்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். பலகையில் ‘இங்கே புதைக்கப்பட்டார்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆள் கண்டியில் காய்ச்சலில் செத்தவராகவோ கப்பலில் செத்தவராகவோகூட இருக்கலாம்.

வுல்பெண்டால் தேவாலயத்தை 1749-இல் கட்டத் தொடங்கி 1757-இல் திறந்தார்கள். சிலுவை வடிவம், ஏறத்தாழ 5 அடி தடித்த சுவர். உள்ளே தரையிலும் வெளியே வளவிலும் ஒல்லாந்தக் கற்கள் பதிந்து கிடக்கின்றன. பெரிய பலகைகள், மேலே குடும்பச் சின்னம் புடைப்பாக, கீழே எழுத்து. இவற்றைப் படிக்க ஒல்லாந்த மொழி தெரிய வேண்டியதில்லை. பத்துச் சொல் போதும். ‘ஹியர் லைட் பெக்ராவன்’ என்றால் இங்கே புதைக்கப்பட்டுள்ளார். ‘ஹெபோரன்’ பிறந்தது, ‘ஓவர்லேடன்’ இறந்தது, சில கற்களில் அதற்குப் பதில் இலத்தீனில் ‘ஓபீட்’. ‘அவுட்’ என்பது வயது, அதன் பின் வருவன ‘யாரன்’, ‘மாண்டன்’, ‘டாகன்’: ஆண்டு, மாதம், நாள். ‘ஹவுஸ்ஃப்ரவ்’ மனைவி, ‘வேடுவ’ கைம்பெண். ‘கோப்மன்’ வணிகர் என்று பொருள்பட்டாலும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் அது ஒரு பதவித் தரம். அதற்கு மேல் ‘ஓப்பர்கோப்மன்’, கீழ் ‘ஒண்டர்கோப்மன்’. கடை வைத்திருந்தவர் என்று மொழிபெயர்த்தால் பிழை. (நாம் இன்றும் சொல்லும் கந்தோர் இதே ஆட்கள் விட்டுப்போன சொல்தான்.)

இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். ஒன்று, மாதம். 7 என்ற எண்ணை அடுத்து ‘பெர்’ என்று வெட்டியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டெம்பர். இலத்தீனில் ‘செப்டெம்’ ஏழு. அதேபோல் 8 ஒக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இரண்டு, பெண்களின் பெயர். ஒல்லாந்தக் கற்களில் மனைவி பெரும்பாலும் தந்தை வழிப் பெயரோடுதான் இருப்பாள். கணவன் பெயரை ‘ஹவுஸ்ஃப்ரவ்’ என்ற சொல்லுக்குப் பின் தேடுங்கள். இரு பெயரும் வேறாக இருப்பதைப் பார்த்து வேற்றுக் குடும்பத்தவள் ஒருத்தி இங்கே எப்படி வந்தாள் என்று குழம்ப வேண்டாம்.

பிறந்த நாள் பல கற்களில் இராது. இறந்த நாளும் வயதும் இருக்கும். கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில். உதாரணத்துக்கு, இறந்தது 1762 மே 10, வயது 34 ஆண்டு 7 மாதம் 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். 34 ஆண்டு கழித்தால் 1728 மே 10, 7 மாதம் கழித்தால் 1727 ஒக்டோபர் 10, 20 நாள் கழித்தால் 1727 செப்டெம்பர் 20. ஒழுங்கை மாற்றினால் மாதங்களின் நீளம் வேறுபடுவதால் ஓரிரு நாள் பிசகும்.

பொரளைக்கு வருவோம். கனத்தை ஒரே மயானம் அல்ல, ஒரே மதிலுக்குள் இருக்கும் பல மயானங்கள். அங்கிலிக்கன், கத்தோலிக்கர், பௌத்தர், சைவர் என்று பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கும். பெயரும் இறந்த திகதியும் மட்டும் கொண்டு போனால் காவலாளி கையை விரிப்பார். எந்தச் சபை என்பதையும் சொன்னால்தான் எந்தப் பதிவேட்டை எடுப்பது என்று கந்தோரில் தெரியும். பதிவேடுகள் திகதி வாரியாக ஓடுவதால் இறந்த திகதியை நீங்கள் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும். புதைத்தது அன்றோ மறுநாளோ பின்னரோ இருக்கலாம், ஒரு வாரம் வரை தள்ளிப் பாருங்கள்.

அங்கே பலரும் தேடிப்போகும் கல் ஆர்தர் சி. கிளார்க்குடையது. 2008 மார்ச்சில் புதைத்தார்கள். அவர் ஒருபோதும் பெரியவர் ஆகவில்லை, ஆனால் வளர்வதை நிறுத்தவும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நம்மவர்களுக்குக் கனத்தை என்றதும் நினைவுக்கு வருவது வேறு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரை 1983 ஜூலை 24 மாலை புதைக்க ஏற்பாடான இடம் அது. அங்கே திரண்ட கூட்டத்திலிருந்துதான் பொரளையில் தமிழருக்கு எதிரான கலவரத்தின் தீ தொடங்கியது. அதற்கு அங்கே கல் எதுவும் தேட வேண்டாம்.

வடக்குக் கொழும்புக்கு மாதம்பிட்டிய மயானம். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய இடம். சைவர்கள் பெரும்பாலும் எரிப்பவர்கள், சாம்பல் கடலுக்குப் போய்விடும். ஆகவே சைவ மூதாதையரைக் கல்லில் தேடுவது வீண் வேலை. கடதாசியில்தான் அகப்படுவார்கள். சிறு பிள்ளைகளையும் சில வீரசைவக் குடும்பத்தாரையும் புதைப்பதுண்டு.

கொழும்பின் மிகப் பழைய கல்லறை எழுத்து ஒல்லாந்தருடையதோ போர்த்துக்கேயருடையதோ அல்ல. கொழும்பு முஸ்லிம் மையவாடி ஒன்றைச் சேர்ந்த கூஃபி (பழைய அரபு) எழுத்துக் கல் அது, ஹிஜ்ரி 337. பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் எழுத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி, 1827-இல் அது அச்சேறியது. ஹிஜ்ரி ஆண்டைக் கணக்கிடக் குறுக்கு வழி உண்டு. 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 337க்கு 326.9, கூட்டினால் 948.9, அதாவது கி.பி. 948 அல்லது 949. ஹிஜ்ரி ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் காலூன்றும் என்பதால் மாதம் தெரியாமல் ஒரே ஆண்டை எழுதாதீர்கள். வெறுமனே 622ஐ மட்டும் கூட்டுவதுதான் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் 959 வந்து பத்து ஆண்டு தள்ளிப் போய்விடும்.

இன்றைய நகரில் மாளிகாவத்தை, குப்பியாவத்தை, ஜாவத்தை மையவாடிகள் தெரிந்தவை. பல கப்றுகளில் (புதைகுழிகளில்) மீஸான் என்ற அடையாளக் கல் மட்டும் நிற்கும், பெயர் இராது. எழுத்தில்லாத பழைய மேட்டைப் பார்த்து யாருடையது என்று ஓரளவு சொல்லத் திசை உதவும். கொழும்பிலிருந்து கிப்லா, அதாவது மக்காவை நோக்கிய தொழுகைத் திசை, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஜனாஸாவை (உடலை) வலப்பக்கம் சாய்த்து முகத்தைக் கிப்லாவை நோக்கி வைப்பதால் கப்றின் நீளம் ஏறத்தாழ வடக்குத் தெற்காக, தலை வடக்கே இருக்கும். கிறிஸ்தவ மரபில் தலை மேற்கு, கால் கிழக்கு. இடநெருக்கடியான சேமக்காலையில் பாதையைப் பார்த்து வைத்திருப்பார்கள், அப்போது இந்தக் கணக்கு உதவாது. மையவாடிக்குப் போகுமுன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2020-இல் கொவிட் உடல்களைக் கட்டாயமாக எரித்தபோது பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினவர்களின் மனம் இன்னும் ஆறவில்லை. கமெராவோடு வரும் அந்நியரைச் சந்தேகமாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

இரண்டாம் உலகப் போரில் இறந்த நேசநாட்டுப் படையினருக்கு ஜாவத்தைப் பக்கத்து லிவராமெண்டு சேமக்காலை. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கிறது. பெயர்ப் பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டு வரிசை எண்ணோடு போனால் ஐந்து நிமிட வேலை.

இனிக் கல்லைப் படிப்பது. உச்சி வெயிலில் எழுத்து மறைந்துவிடும். காலை 8 மணிக்கு முன்போ மாலை 4க்குப் பிறகோ போங்கள், வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழ வேண்டும். மரநிழலில் நிற்கும் கல்லுக்கு முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெயிலைத் திருப்பி ஓரத்திலிருந்து பாய்ச்சலாம். டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் சரி. சோக்குப் பூசுவது, மா தூவுவது இரண்டும் வேண்டாம். மா பூஞ்சணத்துக்குச் சாப்பாடு, சோக்கைத் தேய்த்து எடுக்கும்போது எழுத்தின் விளிம்பும் கூடவே போகும்.

வெள்ளைப் பளிங்குக் கற்களில் ஒரு விசேஷம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல கற்களில் ஈய எழுத்துப் பதித்தார்கள். எழுத்தின் பள்ளத்துக்குள் சிறு துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறுக்கிச் சமப்படுத்துவது முறை. ஈயம் உதிர்ந்தோ திருடுபோயோ இருந்தால் வெறும் கல் போலத் தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கள். துளைகள் அப்படியே இருக்கும். ஒரு கோட்டில் மேலும் கீழுமாக இரண்டு துளை என்றால் ‘ஐ’, அதோடு அடியில் வலப்பக்கம் ஒரு துளை சேர்ந்தால் ‘எல்’. துளைகளை ஒரு தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்து இணைத்தால் பெயர் எழுந்து வரும். பளிங்கின் மேல்பகுதி சீனி போல உதிர்ந்தால் தொடவே வேண்டாம், விரல் பட்டாலும் எழுத்து போகும்.

பாசியை நீக்கத் தண்ணீரும் மென்மையான நைலோன் பிறஷும் போதும். முதலில் கல்லை நன்றாக ஊற விடுங்கள், கீழிருந்து மேலே கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு வடிந்து கோடு விழும். எழுத்துக்குள் இருப்பதை ஐஸ்கிறீம் குச்சியால் எடுங்கள். வினாகிரி பளிங்கைத் தின்னும். குளோரொக்ஸ் முதல் நாள் பளபளப்பாக்கிவிட்டுக் கல்லுக்குள் உப்பை விட்டுப்போகும், அந்த உப்பு காய்ந்து விரிந்து மேல்தோலைத் தள்ளும். கடற்காற்றில் ஏற்கெனவே உப்பு குடித்த கற்கள் இவை. கம்பிப் பிறஷைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேர் கல்லையும் கூட்டிக்கொண்டு வரும். அடியோடு வெட்டிவிடுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால் வுல்பெண்டால் கற்களில் கழுவுதல், வெட்டுதல் ஒன்றும் நமது வேலை அல்ல.

தமிழ்க் கற்களில் ௵ ஆண்டு, ௴ மாதம், ௳ நாள். எண்ணுக்குப் பின் ஒட்டி வரும் இவற்றை எழுத்தென்று நினைத்துப் பெயரோடு சேர்த்துப் படித்துவிடுவார்கள். ணை, லை, னை, ளை பழைய துதிக்கை வடிவில் இருக்கும். சில கற்களில் புள்ளி இராது, அப்போது வாயால் படித்துப் பார்ப்பதுதான் வழி.

கல் இல்லாவிட்டால் கடதாசி. மரணச் சான்றிதழில் இறப்பின் காரணத்தோடு புதைத்த அல்லது எரித்த இடமும் எழுதியிருக்கும். பிரதேச செயலகத்தில் எடுப்பவர்கள் பெயரையும் காரணத்தையும் பார்த்துவிட்டு இந்த வரியைத் தவறவிடுவது வழமை. 1860களுக்கு முந்தியவர்களுக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான். ஒல்லாந்தர் காலத்துக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம், கொழும்பு 7. தேய்ந்துபோன கற்களுக்கு லுடோவிசி 1877-இலும் பென்றி லூயிஸ் 1913-இலும் அச்சிட்ட கல்லெழுத்துத் தொகுப்புகளைப் பாருங்கள். இன்று படிக்க முடியாத வரி அவற்றில் முழுதாக இருக்கக்கூடும்.

குறிப்பெடுக்கும்போது கல்லில் உள்ள வரியை வரி பிரித்து, எழுத்துப்பிழை உட்பட அப்படியே எழுதுங்கள். படிக்க முடியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் சதுர அடைப்பில் விடுங்கள். படத்தில் ஓர் அடிமட்டம் கிடக்கட்டும். பக்கத்துக் கல்லறைகள் இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். அடுத்த தடவை கல் நகர்ந்திருந்தால் பழைய இடத்தைக் காட்ட அந்தப் படம் தேவைப்படும்.