வீல் சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தது

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை. பின்சக்கர டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூக்களை டிரம்மோடு அழுத்தும் சிறு உருளை) ரப்பர் உறையை லேசாக ஒதுக்கியதும் ஆயில் வழிந்தது. உறைக்குள் ஈரப்பசை மட்டும் இருந்தால் பரவாயில்லை. வழிந்தால் உள்ளே ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் போய்விட்டது.

டிரம்முக்குள் இருந்த கருந்தூசியை ஊதவில்லை. பழைய லைனிங்கில் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதனால் நனைத்துத் துடைத்தேன். ஷூ, ஸ்பிரிங் எல்லாம் வழக்கம்போல. மறுபக்கத்து டிரம்மைத் தொடாமல் வைத்திருக்கிறேன். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று குழம்பினால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பொறுமை தேவைப்பட்ட இடம் ஆயில் பைப்பைச் சிலிண்டரோடு இணைக்கும் நட்தான். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்து மூலைகளை மழுக்கிவிடும். வாய் பிளந்த ரிங் போன்ற ஃபிளேர் நட் ஸ்பேனர் கிட்டத்தட்ட நட்டைச் சுற்றியே பிடிக்கும். துருவிளக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்பினேன். அதற்கும் முன்னால் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே துளை உள்ளதால் அது எளிதில் ஒடியும். அது திறக்காத சிலிண்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து பயனில்லை.

மேசையில் வைத்துப் பிரித்தால் உள்ளே அதிகம் ஒன்றுமில்லை: இரண்டு பிஸ்டன், இரண்டு ரப்பர் கப், நடுவில் ஒரு ஸ்பிரிங். ஒரு பிஸ்டன் விரலால் தள்ளியதும் வந்தது. மற்றது இறுகிக் கிடந்தது. துளை நேராக மறுமுனைவரை போவதால், காலியான பக்கத்திலிருந்து ஒரு மரக்குச்சியை விட்டுத் தட்டினேன். கம்பியை விட்டிருந்தால் சுவர் கீறியிருக்கும்.

துளைக்குள் கப்கள் ஓடும் முனைப்பகுதி கண்ணாடிபோல் பளபளத்தது. நடுவில், அதுவும் அடிப்பக்கத்தில், துருக்குழிகள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நடுவில் தேங்கும் ஆயிலில் கசடும் படியும். லைனிங் தேயத் தேயக் கப்கள் வெளிப்பக்கம் நகர்ந்துவிடுவதால் குழிகள் தொந்தரவு தராமல் கிடக்கும். புது ஷூ போடும்போது பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டு, கப்பின் உதடு நேராகக் குழியின் மேல் வந்து உட்காரும். புது ஷூ போட்ட கொஞ்ச நாளில் பழைய சிலிண்டர் ஒழுக ஆரம்பிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். என் வண்டியிலும் ஷூ மாற்றிய பிறகுதான் அளவு குறையத் தொடங்கியது.

இது வார்ப்பிரும்பு என்பதால் பிரேக் ஆயில் தொட்ட மெல்லிய எமரித் தாளால் லேசாகத் தேய்த்துப் பார்த்தேன். கறை போனது, குழி போகவில்லை. நகம் இன்னும் மாட்டுகிறது. நகம் மாட்டினால் புதுக் கப் போடுவது வீண் வேலை. அலுமினிய உருளையாக இருந்தால் எமரி பக்கமே போயிருக்க மாட்டேன், மேல்பூச்சு போய்விடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதா கிரீஸ் எதையும் கிட்டே சேர்க்கவில்லை. பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

இரண்டு பக்கத்துக்கும் முழு சிலிண்டராகவே வாங்கப்போகிறேன். இப்போதைக்குப் பைப் வாயில் ரப்பர் மூடி போட்டிருக்கிறது. மாட்டியதும் காற்றை எடுப்பதோடு விடாமல், நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறிப் புது ஆயில் வரும்வரை பிளீட் செய்ய வேண்டும்.