கடிகாரம் ஓடாத நேரமும் பந்தயம்தான்

எண்டூரோ எனப்படும் மலைச் சைக்கிள் பந்தயத்தில் இறங்குவதற்கு மட்டுமே நேரம் கணக்கிடப்படுகிறது. மலையில் நான்கைந்து இறக்கப் பாதைகளைத் தேர்ந்து நாடா கட்டிக் குறித்திருப்பார்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். ஒரு ஸ்டேஜ் முடியும் இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்கு நாமே மிதித்தோ தள்ளிக்கொண்டோ ஏற வேண்டும். லயசன் என்று சொல்லப்படும் அந்த இணைப்புப் பாதையில் செலவாகும் நேரம் கணக்கில் சேராது. கொடுத்த கெடுவுக்குள் அடுத்த தொடக்கக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். எல்லா ஸ்டேஜ்களின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கும்போது யாருக்குக் குறைவாக வருகிறதோ அவர் வெல்கிறார். மோட்டார் ராலியிலும் மோட்டார் சைக்கிள் எண்டூரோவிலும் நெடுங்காலமாக இருந்துவந்த முறை இது. மிதித்து ஓட்டும் வண்டிகளுக்கு இந்த வகையில் உலகத் தொடர் ஒன்று 2013-இல், இத்தாலியின் புன்டா ஆலாவில் நடந்த சுற்றுடன் தொடங்கியது. எண்டூரோ வேர்ல்ட் சீரிஸ் என்ற பெயரில் நடந்த அந்தத் தொடர் 2023 முதல் உலகக் கோப்பையின் ஒரு பிரிவாக நடக்கிறது.

ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டும் கிராஸ் கன்ட்ரிக்கு மூச்சு போதாதவர்களும், செங்குத்தில் இறங்க மட்டுமே செய்யும் டவுன்ஹில்லுக்குத் துணிச்சல் போதாதவர்களும் வந்து ஒதுங்கும் இடம் எண்டூரோ என்று நண்பர் ஒருவர் கேலியாகச் சொல்வார். என்னைப் பொறுத்தவரை அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் முறையாகப் பந்தயத்தில் இறங்குகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வகை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டமாகப் புறப்படும் பந்தயங்களில் முதல் திருப்பத்திலேயே தோள்கள் உரசும். இங்கே ஒவ்வொருவராக, சில விநாடி இடைவெளியில், தனித்தனியே அனுப்புகிறார்கள். பாதை முழுவதும் நமக்கே என்ற நினைப்புடன் இறங்கலாம், பின்னால் வருகிறவர் நம்மைவிட வேகமானவராக இல்லாதவரை.

பெயர் பதிவு செய்யும்போது தொடக்கநிலைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பல போட்டிகளில் அந்தப் பிரிவினருக்கு ஸ்டேஜ்கள் குறைவு, கெடுவும் தாராளம். விதிமுறைகளை ஒரு முறையாவது முழுவதும் படிப்பது நல்லது. முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மெட் கட்டாயமா, லயசனிலும் ஹெல்மெட் அணிந்திருக்க வேண்டுமா, வழியில் வெளியாள் உதவி பெறலாமா என்பவை போட்டிக்குப் போட்டி மாறும். நாடாவுக்கு வெளியே போய்விட்டால் போன இடத்திலேயே உள்ளே திரும்ப வேண்டும் என்பதும், முந்த வருகிறவருக்குப் பாதுகாப்பான முதல் இடத்திலேயே ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதும் அநேகமாக எங்கும் உண்டு.

வண்டியைப் பற்றித்தான் எல்லோரும் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். எண்டூரோ வண்டி என்று விற்கப்படுபவற்றுக்கு முன்னும் பின்னும் 150 முதல் 170 மில்லிமீட்டர் வரை அமுங்கும் சஸ்பென்ஷன் இருக்கும். அதைவிடக் குறைவாக உள்ள டிரெயில் பைக்கில் வந்தவர்களும் நான் கலந்துகொண்ட பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நின்றார்கள். என்னுடையதும் அந்த வகைதான். இருக்கையை ஓடும்போதே தாழ்த்தும் டிராப்பர் போஸ்ட் மட்டும் இல்லாமல் போகக் கூடாது. ஷூவில் மாட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் வேண்டுமா, தட்டைப் பெடல் போதுமா என்ற வாதம் முடிவில்லாதது. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த உலகத் தொடரைத் தட்டைப் பெடலில் வென்றவர் என்பது நினைவில் இருந்ததால், பழகிய தட்டைப் பெடலையே வைத்துக்கொண்டேன். புதிதாக எதையும் பந்தய வாரத்தில் பூட்டக் கூடாது. பிரேக் பேட் தேய்ந்திருந்தால் முன்கூட்டியே மாற்றி, வேகமெடுத்து வேகம் குறைப்பதை ஏறத்தாழ இருபது முறை செய்து, அவற்றைப் பிரேக் தட்டுடன் பழக்கிவிட வேண்டும். பழக்காத பேட் முதல் செங்குத்திலேயே கையை விரிக்கும்.

டயருக்கு மட்டும் சற்று நேரம் ஒதுக்கலாம். டியூப் இல்லாத டயரில், சிறு ஓட்டைகளை அடைக்கும் திரவமான சீலன்ட் ஊற்றிய பிறகு எத்தனை பிஎஸ்ஐ காற்று என்பது ஓட்டுபவரின் எடை, டயரின் தடிமன், தரையின் தன்மை மூன்றையும் பொறுத்தது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் முன்னால் 22, பின்னால் 25 என்று தொடங்கி, பயிற்சியின்போது ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்தால் வேர்களின் மேல் பிடிமானம் கூடும். மிகக் குறைத்தால் பாறை விளிம்பு டயரை நசுக்கி ரிம்மைத் தொடும். பின் சக்கரம்தான் அடி வாங்கும் சக்கரம் என்பதால் அதற்குச் சற்றுக் கூடுதல்.

பயிற்சி நாள் பந்தயத்துக்கு முந்தைய நாள் இருந்தது. எல்லா ஸ்டேஜையும் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்தவர்கள் மறுநாள் காலையில் படிக்கட்டு இறங்கவே யோசித்தார்கள். நான் ஒவ்வொரு ஸ்டேஜையும் ஒரு முறை மெதுவாக இறங்கி, கடினமாகத் தெரிந்த இடங்களில் நின்று, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்து மேலேறிப் பார்த்தேன். பாதையை முழுவதும் மனப்பாடம் செய்ய முடியாது. செய்யத் தேவையும் இல்லை. எதிர்பாராமல் வந்து கவிழ்க்கக்கூடிய இடங்கள் எவை, எந்த மேட்டுக்குப் பின்னால் பாதை இடப்பக்கம் திரும்புகிறது, எங்கே சட்டென்று ஏற்றம் வருவதால் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும் என்ற அளவில், ஸ்டேஜுக்கு மூன்று நான்கு குறிப்புகள் போதும். இரண்டாம் ஸ்டேஜில் சரிவுக்குக் குறுக்காக வேர்கள் படர்ந்த இடம் ஒன்று இருந்தது. மேலிருந்து பார்க்கும்போது கீழ்ப்பக்கமாகப் போவதுதான் இயல்பான வழியாகத் தோன்றியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான், மேல் விளிம்பை ஒட்டி ஒரு கை அகலத்துக்கு வேரில்லாத மண் பட்டை ஓடுவது தெரிந்தது. நடந்து பார்ப்பதன் முழுப் பயனும் அந்த ஒரு கை அகலத்தில் இருந்தது.

பந்தய நாள் காலையில் மணிக்கட்டில் நேரம் பதியும் சிப்பைக் கட்டிவிட்டார்கள். முதல் லயசன் நீளமானது. பேச்சும் சிரிப்புமாக எல்லோரும் கூட்டமாக ஏறும்போது, முன்னால் போகிறவரின் வேகத்துக்குத் தன்னையறியாமல் கால் ஒத்துப்போகும், அதில்தான் ஆபத்து. ஏற்றத்தில் முந்துவதற்குப் பரிசு கிடையாது. முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் மூச்சு இருந்தால் சரியான வேகம், சொற்கள் துண்டு துண்டாக வந்தால் இறங்கித் தள்ளலாம். தள்ளுவதைக் கேவலமாக நினைப்பவர்கள் தொடக்கநிலைப் பிரிவில்தான் இருந்தார்கள். பல பந்தயங்கள் கண்டவர்கள் செங்குத்து வந்ததும் தயங்காமல் இறங்கி நடந்தார்கள். பசி எடுப்பதற்கு முன்பே கொஞ்சம் தின்பதும், தாகம் எடுப்பதற்கு முன்பே ஒரு மிடறு குடிப்பதும் இந்த நேரத்தில்தான்.

தொடக்கக் கோட்டில் முன்சக்கரத்தை நாடாவுக்குப் பின்னால் வைத்து நின்றபோது, எனக்கு முன்னால் போனவர் முதல் திருப்பத்தில் மறையும் சத்தம் மட்டும் கேட்டது. பலகையுடன் நின்ற பெண்மணி, “கையுறையைச் சரிசெய்துகொள்ளுங்கள் தம்பி, இன்னும் பத்து விநாடி இருக்கிறது” என்றார். அதுவரை பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது அப்போதுதான் உறைத்தது. சிப் ஒலித்தது, இரண்டு மிதி, பிறகு மலை பார்த்துக்கொண்டது.

முதல் ஸ்டேஜில் எவ்வளவு நிதானமாகப் போகலாம் என்பதை முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன்: வழக்கமாக நண்பர்களுடன் இறங்கும் வேகத்தைவிட ஒரு பிடி குறைவாக. இப்படிச் சொன்னால் பந்தயத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு முறை விழுந்தால், அடிபடாவிட்டாலும், வண்டியைத் தூக்கி, ஹேண்டில்பாரை நேராக்கி, மீண்டும் வேகமெடுக்க இருபது முப்பது விநாடி போய்விடும். ஸ்டேஜ் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் அந்த முப்பது விநாடியைத் தொடக்கநிலையில் இருப்பவர் மிச்சம்பிடிக்க முடியாது. மேலும், பதற்றத்தில் பார்வை சுருங்கி முன்சக்கரத்துக்கு அருகிலேயே நிற்கும். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும். திருப்பத்துக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே பிரேக்கை விட்டு, கண்ணை வெளியேறும் வழியில் வைத்தால் வண்டி தானாகவே வேகம் பிடிக்கிறது. இதைப் பயிற்சியில் ஆயிரம் முறை கேட்டிருந்தாலும், சிப் கட்டிய கையுடன் செய்வது வேறு காரியம்.

முதல் ஸ்டேஜின் கடைசிப் பகுதியில் பின்னாலிருந்து “ரைடர்!” என்ற குரல் வந்தது. அடுத்த திருப்பம் அகலமாக இருந்ததால் வெளிப்பக்கமாக ஒதுங்கினேன். வந்தவர் உள்வழியாக நன்றி சொல்லிக்கொண்டே கடந்துபோனார். அதில் எனக்கு இழப்பு இரண்டு விநாடிகூட இருக்காது. முடிவுக் கோட்டுக்கு அப்பால் எனக்காகக் காத்திருந்து, அந்தத் திருப்பத்தில் நான் எங்கே அதிகமாகப் பிரேக் பிடிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். மற்றப் பந்தயங்களில் போட்டியாளரிடமிருந்து இந்த உபகாரம் கிடைக்குமா என்று தெரியவில்லை. இங்கே லயசனில் சேர்ந்து ஏறப் போகிறவர்கள் என்பதால் பகை வளர்க்க நேரமில்லை.

இரண்டாம் ஸ்டேஜில் வேர்களின் மேல் விளிம்பு வழியாகச் சத்தமில்லாமல் கடந்தேன். ஆனால் அதன் பிறகு வந்த நீண்ட பாறைச் சரிவில் கை தோற்றது. முடிவில் பையின் ஜிப்பைத் திறக்க முயன்றபோது விரல்கள் மடங்கவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விறகுக்கட்டை போல இறுகியிருந்தது. இதை ஆர்ம் பம்ப் என்பார்கள். ஹேண்டில்பாரை விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகளில் ரத்தம் சேர்ந்து, வெளியேற வழியின்றி வீங்குகிறது. கைக்குப் பலம் சேர்ப்பது நாள்பட்ட வைத்தியம். உடனடி வைத்தியம், ஒரே விரலால் பிரேக் பிடிப்பதும், எடையைக் கையிலிருந்து எடுத்துப் பாதங்களில் இறக்குவதும், சமதளத் துண்டு வரும்போதெல்லாம் பிடியைத் தளர்த்தி விரலை ஒரு முறை அசைப்பதும்தான். பிரேக் நெம்புகோல் விரலுக்கு எட்டும் தூரத்தைச் சற்று உள்ளே கொண்டுவரும் திருகாணி ஒன்று உண்டு. அடுத்த லயசனில் அதை இரண்டு சுற்று திருப்பியதில் பாதிச் சிரமம் குறைந்தது.

மூன்றாம் ஸ்டேஜ் முடிந்ததும் பின்னங்காலில் வெள்ளைத் துளிகள் தெறித்திருப்பதைக் கண்டேன். பின் டயரில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். சக்கரம் சுற்றும்போது அதிலிருந்து சீலன்ட் சீறிக்கொண்டிருந்தது. ரப்பர் பிளக்கை ஊசியில் கோத்து உள்ளே தள்ளி, வெட்டி, காற்று நிரப்பி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு ஸ்டேஜின் நடுவில் இதைச் செய்திருந்தால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்திருக்கும். லயசனில் செய்ததால் மிடறு மிடறாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே செய்ய முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் டயரை அழுத்திப் பார்ப்பது, சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பது, சக்கர அச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பது ஆகியவற்றை ஒரு நிமிடத்தில் செய்யும் வழக்கம் வந்துவிட்டது. பையில் சங்கிலி இணைப்பான் ஒன்றும், கியர் மாற்றியைத் தாங்கும் டீரெய்லர் ஹேங்கர் ஒன்றும் கூடுதலாக இருந்தன. இரண்டாவதை என்னிடம் கடன் வாங்கித்தான் இன்னொருவர் பந்தயத்தை முடித்தார். ஹேங்கர் வண்டிக்கு வண்டி வேறுபடும். எங்கள் இருவருடையதும் ஒரே மாதிரியாக அமைந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

மாலையில் ஒட்டிய பட்டியலில் பெயர் பாதிக்குக் கீழே இருந்தது. கூட்டுத்தொகையைவிட ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் தனித்தனியே வந்த நேரம்தான் பார்க்கத் தக்கது. பாறைகள் நிறைந்த இரண்டாம் ஸ்டேஜில், பிரிவில் முதலாவதாக வந்தவரைவிட நான் பின்தங்கியது எதிர்பார்த்த அளவுதான். எளிதென்று நினைத்த நான்காம் ஸ்டேஜில்தான் அதிகம் இழந்திருந்தேன். அங்கே சமதளமும் சிறு ஏற்றங்களும் அடிக்கடி வந்தன. மற்றவர்கள் எழுந்து நின்று மிதித்த இடங்களில் நான் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறேன். பயமுறுத்தும் இடங்களில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இறங்குகிறார்கள். பயமில்லாத இடங்களில்தான் விநாடிகள் சிதறுகின்றன. இதைச் சரிசெய்யப் புது வண்டி உதவாது. வாரத்தில் இரு நாள் குறுகிய, கடுமையான மிதிப்புகளைப் பழக வேண்டும். அதுவும் ஏறிக் களைத்த பிறகு பழக வேண்டும்.

அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தில் மீண்டும் தொடக்கநிலைப் பிரிவையே குறித்திருக்கிறேன். வண்டியில் ஒரே ஒரு மாற்றம்: பின் டயருக்குப் பதிலாகப் பக்கச் சுவர் தடித்த ஒன்று. எடை கால் கிலோவுக்கு அருகில் கூடும், ஏற்றத்தில் அது தெரியும். ஏற்றத்துக்கு நேரக் கணக்கு இல்லை என்பதால் அந்தப் பேரம் எனக்குக் கட்டுப்படியாகிறது.