பெயர் கூப்பிடாமல் கொடுப்போம்

காசு இல்லாத வீட்டுக்கு எல்லாப் பொருளும் விலை கூடியதுதான். ஐந்து சதத்துக்குக் கடதாசிச் சுருளில் தேயிலை வாங்கிய என் அம்மா, ஒரு றாத்தல் தேயிலைக்கு அயல்வீட்டார் கொடுத்ததைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்திருப்பார். மண்ணெண்ணெயும் அப்படித்தான், தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மொத்தமாகக் கொடுக்கும் அளவுக்குக் காசு ஒருநாளும் அவர் கையில் சேரவில்லை.

எழுபதுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றி நம் சங்கத்தின் இந்த மலரில் முன்னரும் பலர் எழுதியிருக்கிறார்கள். விடியற்காலைப் பாண் வரிசையைப் பலர் நினைவுகூர்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடு நின்றார்கள். அது நாடு முழுவதற்கும் வந்த தட்டுப்பாடு. நான் சொல்ல வருவது வேறு: எங்கள் வீட்டு வறுமையும், வறியவர்களுக்கு உதவி கொடுக்கும் முறையும். மிளகாய், வெங்காய இறக்குமதி நிறுத்தப்பட்டதால் எங்கள் ஊர்த் தோட்டக்காரர்கள் தலையெடுத்த காலமும் அதுவே. காணி இருந்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். எங்களுக்குக் காணி இல்லை. அப்பா சுருட்டுக் கொட்டிலில், ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை செய்தார். நெஞ்சு நோயில் அவர் படுத்த பிறகு அம்மா வெங்காயம் கிண்டப் போனார். மழைக்காலத்தில் கிடுகு பின்னினார்.

1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது ஊரில் பெரிய பரபரப்பு. எங்கள் வீட்டில் மாற்றுவதற்கு ஒரு தாளும் இருக்கவில்லை.

கூப்பன் அரிசி, அதாவது அரசாங்கத்தின் பங்கீட்டு அரிசி, எங்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகையல்ல. ஆளுக்குக் கிழமைக்கு ஒரு கொத்து இலவசம்; கொத்து என்பது அரிசி அளக்கும் அளவு. 1970ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின் இரண்டாவது கொத்தும் கிடைத்தது, விலை 75 சதம். எங்கள் ஐந்து பேருக்கும் அதை எடுக்க 3 ரூபாய் 75 சதம் வேண்டும். அதுவும் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி கொடுக்கும் நாளில் கையில் இருக்க வேண்டும். பல கிழமைகளில் அது இருக்கவில்லை. அயலில் ஒருவர் எங்கள் கூப்பனுக்கு அரிசியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கொஞ்சம் காசு கொடுப்பார். கூப்பன் சீனியும் அவ்வாறே கைமாறியது. நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். இரவில் காய்ந்த பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற்பிட்டு. அது எனக்கு இன்றும் விருப்பமான சாப்பாடு. வயிற்றில் நெடுநேரம் நிற்கும்.

பசியைக்கூடத் தாங்கலாம். மனம் ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பதைத்தான் தாங்க முடியாது. ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போது நான் மனதுக்குள் வேறு கணக்குச் செய்துகொண்டிருப்பேன்: கொப்பியில் இன்னும் எத்தனை தாள், தவணைக் காசுக்கு இன்னும் எத்தனை நாள், விளக்கில் இன்றிரவுக்கு எண்ணெய் இருக்கிறதா. ஒரே தாளில் முதலில் பென்சிலால் எழுதுவேன், பிறகு அதன் மேலேயே பேனையால் எழுதுவேன். கடையில் கடன் கேட்க அம்மா போகமாட்டார், என்னைத்தான் அனுப்புவார். சிறுபிள்ளையைக் கடைக்காரர் ஏச மாட்டார் என்பது ஏழை வீட்டுத் தாய்மார் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை தூணோரம் நிற்பேன். கடை வெறுமையான பிறகுதான் வாய் திறப்பேன். அந்த நேரத்தில் புதிதாக யாராவது உள்ளே வந்துவிட்டால் மறுபடியும் தூணோரம்.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இலேயே இந்நாட்டில் இலவசக் கல்வி வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் நான் எழுதவும் படித்திருக்க மாட்டேன். ஆனால் நான் படித்த காலத்தில் பாடநூல் இலவசம் இல்லை, கொப்பி இலவசம் இல்லை, வசதிக் கட்டணமும் இருந்தது. தவணை தொடங்கிச் சில நாட்களில், கட்டணம் கட்டாதவர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வார்கள். வையவில்லை, அடிக்கவில்லை. பெயரைப் பதிந்துகொண்டு இருத்திவிடுவார்கள். அதற்குப் பயந்து நான் அந்த நாட்களில் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் அதற்காகவே பள்ளிக்கூடத்தை அடியோடு விட்டுவிட்டார்கள்.

1978இல் பங்கீட்டு அரிசியை மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு உணவு முத்திரை வந்தது. வறியவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதுவரை எல்லோரையும்போலக் கூப்பன் புத்தகம் வைத்திருந்த அம்மா, அப்போதுதான் முதன்முறையாகத் தன் வறுமையைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துக்காக நிற்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இதற்கு நேர்மாறானது 1980இல் நடந்தது. அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. கடைக்காரரின் மகளுக்கும் என் தங்கைக்கும் ஒரே புத்தகம், ஒரே நாளில், ஒரே மேசையில். 1993இல் சீருடைத் துணியும் அப்படியே வந்தது. அந்த மேசைக்கு முன்னால் யார் ஏழை என்று யாரும் கேட்கவில்லை. தங்கை புத்தகத்துக்கு மாட்டுத்தாள் உறை போட்டு முற்றத்தில் எல்லோருக்கும் காட்டினாள்.

2022 நெருக்கடியில் கொப்பி விலை ஏறியதிலிருந்து நம் சங்கம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு உதவுகிறது. அதில் பங்குகொள்வது எனக்கு மிகுந்த நிறைவு. ஆனால் சென்ற மலரில் வந்த படங்களைப் பார்த்து மனம் கலங்கினேன். மேடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்; நெஞ்சளவில் புத்தகப் பை; பின்னால் நன்கொடையாளர் பெயருடன் பதாகை. ஒரு பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் முழுப்பெயரும் வகுப்பும் கீழே அச்சாகியிருக்கின்றன.

செயற்குழுவை வேண்டிக் கேட்கிறேன். இருக்கும் காசுக்கு ஒரு வகுப்பைத் தெரிவுசெய்து, அந்த வகுப்பு முழுவதற்கும் கொப்பி கொடுப்போம். வசதியுள்ள சில பிள்ளைகளுக்கும் அதில் போகும், போகட்டும். சப்பாத்து, பயணச் செலவு போன்றவற்றை வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்தால் அவர் ஓசையில்லாமல் செய்துவிடுவார். வீட்டு நிலைமை அவருக்குத் தெரியும். மலரில் படத்துக்குப் பதிலாகக் கணக்கறிக்கையைப் போடுங்கள். எவ்வளவு சேர்ந்தது, எத்தனை கொப்பி வாங்கப்பட்டது என்று தெரிந்தால் உறுப்பினர்களுக்குப் போதும். இந்த ஆண்டுக்கான என் பங்கைப் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். பற்றுச்சீட்டைத் தவிர வேறெங்கும் என் பெயர் வேண்டாம்.