ஒரே சபை, ரெண்டு அடுப்பு

மதுரைக்குப் போகிறவர்கள் கையில் சாப்பாட்டுக் கடைப் பட்டியல் ஒன்று இருக்கும். என்னிடமும் உண்டு, கறிதோசை சாப்பிடாமல் நான் ஊர் திரும்பியதில்லை. இந்தத் தடவை மட்டும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது வேறு சாப்பாடு. சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையிலிருந்து 1606ல் இந்த ஊருக்கு வேதம் பரப்ப வந்த இத்தாலிக்காரச் சாமியார் ராபர்ட் தெ நொபிலி சாப்பிட்டது: நாளைக்கு ஒரே வேளை, சோறு, காய்கறி, பால்.

அவருக்கு முன்பே இங்கே ஒரு போர்ச்சுகீசியச் சாமியார் இருந்தார், கொன்சாலோ பெர்னாண்டஸ். முன்னாள் படைவீரர். கறுப்பு அங்கி, கறிச்சோறு, மதுரையில் தங்கியிருந்த முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்குப் பூசை என்று அவர் பாடு போய்க்கொண்டிருந்தது. ஊரார் கண்ணுக்கு அவர் பரங்கி, அதாவது மட்டமாகப் பார்க்கப்பட்ட வெள்ளைக்காரர். அந்தப் பெயர் தன்மேல் ஒட்டக் கூடாது என்று நொபிலி தனிக்குடித்தனம் போனார். காவி, பூணூல், குடுமி, கட்டை மிதியடி, சமைக்க ஒரு பிராமணர். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுத, வழக்கு கோவா வழியாக ரோம் வரை போனது. அங்கே பெரிதாக அலசப்பட்டவை பூணூலும் குடுமியும் சந்தனமும். 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

இதைச் சாமர்த்தியம் என்று மெச்சுகிறவர்கள் நிறைய. எனக்கு முழு மனசு வரவில்லை. பிராமண சன்னியாசியாக வாழ்கிறவர் ஒடுக்கப்பட்டவர்களின் குடிசைக்குப் பகலில் எப்படிப் போவார்? அதற்கென்றே 1640 வாக்கில் ‘பண்டார சாமிகள்’ என்று இன்னொரு வகை தொடங்கியது. முதல் ஆள் பல்தசார் தா கோஸ்தா. 1693ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் (ஜான் தெ பிரிட்டோ) பண்டார சாமிதான். இரண்டு வகையாரும் சேசு சபையார்தான், ஆனால் ஊரறிய ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. கடல் தாண்டி வந்தவர்களையும் நம்ம ஊர்ச் சாதி பந்தி பிரித்துத்தான் உட்கார வைத்திருக்கிறது. (ரோமுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களால்தான் இந்த அடுப்படிச் சங்கதியெல்லாம் நமக்குத் தெரிகிறது.)

கடிதம் படித்தால் போதுமா, கண்ணால் பார்க்க ஒரு கட்டடம் வேண்டுமே என்று மாட்டுத்தாவணியில் மானாமதுரை பஸ் ஏறினேன். திருப்புவனம் தாண்டி, வைகைக் கரையோரம் இடைக்காட்டூர். சேசு சபை கலைக்கப்பட்டு மறுபடி உயிர்பெற்ற பின், நொபிலி காலத்து வேதப் பணியான மதுரை மிஷனுக்கு 1830களின் கடைசியில் பிரெஞ்சுச் சாமியார்கள் வரத் தொடங்கினார்கள். பலரைக் காலரா கொண்டுபோனது. அந்த வழியில் வந்தவர்தான் பெர்டினாண்ட் செல் சாமியார். 1894ல் இங்கே திரு இருதய ஆண்டவர் கோயிலைக் கட்டினார். பிரான்சின் ரேம்ஸ் பேராலயச் சாயல் என்பார்கள். ரேம்ஸ் நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கே கல்லில் செதுக்க வேண்டிய கொடியையும் பூவையும் செங்கல்லில் வார்த்தே எடுத்திருக்கிறார்கள். பனங்காட்டுக்கும் கருவேலத்துக்கும் நடுவே கூர்நுனிக் கோபுரங்கள் திடுமென எழும்பி நிற்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உள்ளே மெழுகுவர்த்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், “அண்ணே, அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார்லாம் இங்க என்ன சாப்பிட்டிருப்பாங்க?” என்று கேட்டேன்.

“அது யாருக்குத் தம்பி தெரியும்? நம்ம சாமியார் அங்க போயி என்ன சாப்பிடுறாருன்னு கேளுங்க, சொல்றேன்.”

அவர் தங்கச்சி மகன் ஜெர்மனியில் பங்குச் சாமியாராம். “ராத்திரிக்கு அடுப்பே பத்த வைக்க மாட்டாங்களாம். ரொட்டி, பாலாடைக்கட்டி, முடிஞ்சது. நாக்கு செத்துப்போச்சு மாமாங்குறான். ஞாயித்துக்கிழமை மட்டும் அவனே கோழிக்குழம்பு வைக்கிறான். சாமியார்க தங்குற அறைவீட்டுல கூட இருக்க வயசான ஜெர்மன்காரச் சாமியார் மூக்கைச் சிந்திக்கிட்டே ரெண்டாந் தடவையும் தட்டை நீட்டுறாராம்.”

மிளகாய்த்தூள் இடைக்காட்டூரிலிருந்துதான் போகிறது. பார்சலுக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு கிடாக்குட்டி வாங்கிக் கட்டிவிடலாம் என்று சலித்துக்கொண்டார்.