அப்பத்தா எழுதிய பால் கணக்கு

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருடைய கையெழுத்தை நான் பத்திரப்படுத்தி வருகிறேன். ஐயாவுடையது ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கிறது. அப்பத்தாவுடையது ஒரே ஒரு பழுப்புக் கவருக்குள் அடங்கிவிடும். இரண்டில் உனக்கு எது முக்கியம் என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். கவர்தான் என்றேன்.

ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கடைப் பேரேடெல்லாம் கடையோடு போய்விட்டது. வீட்டில் இருப்பது வீட்டுக்காக எழுதியவை. மெட்ராஸில் வேலை பார்த்த பெரியப்பாவுக்குப் போட்ட இன்லண்ட் கடிதங்கள், வரவு செலவு நோட்டுகள், பாம்புப் பஞ்சாங்கத்தின் ஓரங்களில் பிள்ளைகள் பிறந்த நேரம். அப்பா பிறந்த குறிப்பு நந்தன வருஷம் ஐப்பசி மாதப் பக்கத்தில் இருக்கிறது. எந்தத் தாளை எடுத்தாலும் உச்சியில் பிள்ளையார் சுழி. ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று ஒற்றை வீச்சில் போட்டுக்கொண்டே போவார். சின்ன வயதில் அந்தக் குறிகளை நான் ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தேன்.

பழைய கடிதம் எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது லை, ளை, ணை, னை எழுத்துகளைத்தான். அப்போது இந்த எழுத்துகளுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழிப்பு வரும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டிச் சுழியும். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் புது வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்ட பிறகுதான் பாடப்புத்தகங்களில் அது வந்தது. அச்சு மாறியது, பழகிய கை மாறவில்லை. ஐயா 1996இல் இறக்கும்வரை துதிக்கை போட்டுத்தான் எழுதினார். ஆகையால் துதிக்கை இருந்தாலே 1978க்கு முந்தைய கடிதம் என்று முடிவு கட்டிவிட முடியாது. எழுதியவர் அதற்கு முன்பே எழுத்துப் படித்தவர் என்று மட்டும் சொல்லலாம்.

அப்பத்தா எழுதிய லை புது லை. இதைக் கவனித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்பத்தா பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் வரை கைநாட்டுதான். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் போட்டு ஆள் சேர்த்தார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் சாயங்காலம் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். எங்கள் அத்தையும் அப்போது சைக்கிள் பழகியவர்தான். அப்பத்தா சைக்கிள் பக்கம் போகவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சிலேட்டோடு போய் உட்கார்ந்தாராம்.

அங்கே சொல்லிக் கொடுத்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவள் படித்தது புது எழுத்து. அதையே அப்பத்தாவுக்கும் கொடுத்தாள். இப்படியாக ஒரே வீட்டில், ஒரே திண்ணையில், ஐயா ஒரு லை எழுத, அப்பத்தா வேறொரு லை எழுதினார். இதை வைத்து இருவருக்கும் நடந்த பேச்சை அத்தை இன்றும் அப்படியே சொல்லிக் காட்டுவார்.

“என்னா லை இது? கொம்பத் தூக்கி முன்னால வச்சிருக்கே?”

“எங்க டீச்சர் புள்ள இப்புடித்தான் சொல்லிக் குடுத்துச்சு. நீங்க எழுதுறது பழசாம்.”

ஐயா பதில் சொல்லவில்லையாம். நாற்பது வருஷம் கணக்கெழுதிய மனிதரிடம் ‘பழசு’ என்று சொல்லும் தைரியம் அப்பத்தாவுக்கு எழுத்தோடுதான் வந்தது என்பது அத்தையின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

கவருக்குள் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு கோடு போட்ட நோட்டின் சில தாள்கள், அவர் கையெழுத்துப் போட்ட பழைய பாஸ்புக் ஒன்று, பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் பால் கணக்கு. முன்பெல்லாம் அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்து வைப்பாராம். எழுத வந்த பிறகு சுவரை விட்டுத் தாளுக்கு வந்துவிட்டார்.

எனக்கு மிகப் பிடித்த தாளில் நாலே வரி. ‘மீனா காலை 1 மாலை அரை. டீச்சர் 1. செவ்வா வரல. பாக்கி 12.’ செவ்வாய் என்பதைச் ‘செவ்வா’ என்றுதான் சொல்வார், அப்படியே எழுதியும் விட்டார். எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கின்றன. புள்ளிகளைச் சொல் எழுதி முடித்த பிறகு மொத்தமாக வைத்திருக்கிறார் போலும், ஒன்றிரண்டு எழுத்தின் தலைக்கு நேராக விழாமல் தள்ளி விழுந்திருக்கிறது. ‘பாக்கி’ என்பதில் மட்டும் புள்ளி நேராக, ஆழமாக இருக்கிறது. பாக்கி விஷயத்தில் அப்பத்தா ஏமாறமாட்டார்.

பால்பாயின்ட் பேனாவை அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறார். தாளைத் திருப்பி விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். ஐயாவுடைய கடிதங்களில் இது கிடையாது. அவருடைய இங்க் பேனா தாளை மெல்லத் தொட்டுவிட்டு ஓடியிருக்கும். ஸ்கேனருக்கு இந்த அழுத்தம் தெரியாது, சட்டையில்லாத உடம்புபோல வெறும் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அதனால் அறையை இருட்டாக்கி, தாளுக்குப் பக்கவாட்டில் மேசையோடு மேசையாக டார்ச்சை வைத்து, மேலிருந்து போனில் படம் எடுத்தேன். பள்ளங்கள் நிழலோடு எழும்பி வந்தன. அரித்துப்போன கல்வெட்டைப் படிக்கவும் இப்படிச் சாய்வு வெளிச்சம் பிடிப்பார்கள். உங்கள் வீட்டிலும் அழுத்தி எழுதும் கை ஒன்று இருந்தால் இப்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். தினமும் கையெழுத்தைப் பார்ப்பதே பிழைப்பு. நவம்பர் மாதம் வாழ்நாள் சான்று கொடுக்க ஓய்வூதியக்காரர்கள் வரும்போது, கை நடுங்கி மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல் அவர்கள் சங்கடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நேராக நின்ற எழுத்து சாயும், பெயரின் கடைசி எழுத்து கரைந்துபோகும், ஒரு கட்டத்தில் சிலர் மைப்பெட்டிக்கே திரும்பிவிடுவார்கள். அப்பத்தாவுக்கு அது நடக்கவில்லை. பாஸ்புக்கில் முதல் பக்கத்தில் இருப்பது வலுவான கையெழுத்து, பெயர் முழுக்க, இன்ஷியல் உட்பட. கைநாட்டு வைத்தவர்களை எங்கள் ஆட்கள் எந்தக் குரலில் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலிலிருந்து அப்பத்தா தப்பித்துக்கொண்ட நாளுக்கு அந்தப் பக்கம்தான் சாட்சி.

இதனால்தான் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நிறைய எழுதியவர்களின் எழுத்து எப்படியாவது எங்கேயாவது மிஞ்சும். குறைவாக எழுதியவர்களுடையதை முதலில் தேடுங்கள். பெரும்பாலும் அது பெண்களுடையதாக இருக்கும், பெரும்பாலும் கடிதமாக இருக்காது. மாத்திரை அட்டையின் பின்னால், கேஸ் புத்தகத்தில், ஊறுகாய் ஜாடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்களைப் பாதுகாக்க பெசன்ட் நகரில் அவர் பெயரிலேயே ஒரு நூலகம் இருக்கிறது. பால் கணக்குக்கு வீட்டு ஆட்களை விட்டால் யாரும் இல்லை.

அப்புறம், ஐயாவின் எழுத்து நிறைய இருக்கிறது என்றேனே, அதில் பெரும்பகுதி எங்கள் வீட்டில் இல்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் ஊரில் எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் மொய் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் வரி தாய்மாமனுக்கு. பிறகு ஊர், பெயர், தொகை. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் ‘சைக்கிள் கடை’, ‘மேலத்தெரு’ என்று அடையாளம் சேர்ப்பார். அந்த நோட்டுகளை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், திருப்பிச் செய்யவேண்டிய மொய் அதில் இருக்கிறதே. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்தே நடத்துகிற ஊர் எங்களுடையது. இப்போது அங்கெல்லாம் கணினியில் பெயரை அடித்து, கையில் ரசீது கொடுத்துவிடுகிறார்கள். வழவழப்பான அந்த ரசீதுத் தாளின் எழுத்து எத்தனை சீக்கிரம் வெளுத்துவிடும் என்பது ஏடிஎம் சீட்டுகளோடு புழங்கும் எனக்கு நன்றாகத் தெரியும். கணக்குப் பார்க்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மொய் எழுதுகிறவர் என்ற ஆள் இனி இருக்கப்போவதில்லை.

அந்த நோட்டுகளைத் தேடி அத்தையோடு வீடு வீடாகப் போகிறேன். முதலில் தயங்குவார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது வெளியில் தெரியக்கூடாதே! நியாயம்தான். தொகை இருக்கும் பத்தியை ஒரு நீளக் காகிதத்தால் மறைத்து, பெயர்களை மட்டும் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் சம்மதிக்கிறார்கள். 1968இல் நடந்த ஒரு கல்யாண நோட்டு அப்படித்தான் கிடைத்தது. அந்த வீட்டு அம்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “உங்க ஐயா எழுத்து அச்சுக் கோத்தாப்புல இருக்கும்த்தா” என்றார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதுகாக்கும் முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. சித்தப்பா ஆசையாக ஒரு கடிதத்தைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வந்தார், அதை இனி அந்தக் கோலத்தில்தான் பார்த்தாகவேண்டும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், பழுப்பேறிக் கறை விடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மலிவான பிளாஸ்டிக் ஃபைல் உறை நாளானால் மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத தாளோ நல்லது. நீல இங்க் வெளிச்சத்தில் வெளுக்கும், ஈரம் பட்டால் கரையும். சுவரில் மாட்ட ஆசை என்றால் நகலை மாட்டுங்கள், அசல் இருட்டில் இருக்கட்டும்.

ஸ்கேன் செய்யும்போது கலரில், 600 டிபிஐயில், இரண்டு பக்கமும் எடுங்கள். இன்லண்டின் வெளிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஐயா சில கடிதங்களில் தேதி போட மறந்திருப்பார், தபால் முத்திரைதான் கைகொடுத்தது. ராமபாணப் பூச்சிக்கு எங்கள் பக்கம் துணிமூட்டையில் வசம்பு போடுவார்கள். ஓலைச்சுவடிக்கும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். நானும் வசம்புத் துண்டைச் சின்னத் துணியில் முடிந்து, தாளில் படாமல் பெட்டி மூலையில் போட்டிருக்கிறேன். யார் எழுதியது, யாருக்கு, எந்தச் சமயத்தில் என்பதை உறையின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள், அசலின்மேல் எதுவும் எழுதவேண்டாம். இதைச் சொல்லக்கூடிய ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ‘மீனா’ யார் என்று அத்தைக்குத் தெரிந்ததால்தான் எனக்குத் தெரியும். கிழக்கு வீட்டு மருமகள், கைக்குழந்தைக்காகப் பால் வாங்கியவள்.

இப்போது அம்மா எழுதுவதைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். அம்மாவும் துதிக்கை லைதான். சேதி சொல்வதெல்லாம் வாட்ஸப்பில் குரலாகிவிட்டது, பேனா பிடிப்பது மளிகைச் சீட்டுக்கு மட்டுந்தான். நல்ல டைரி ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். “பத்திரப்படுத்தவா? அப்ப அழகா எழுதணுமே” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட ஆரம்பித்துவிட்டார். அது அம்மா எழுத்தாகவே இல்லை. எனக்கு வேண்டியது அவசரத்தில் ‘து.பருப்பு ½, சீரகம் கொஞ்சம்’ என்று கிறுக்குவதுதான். அதனால் டைரியை விட்டுவிட்டேன். கடைக்குப் போய் வந்ததும் அண்ணி அந்தச் சீட்டை மடிக்காமல் எடுத்து, பின்னால் பென்சிலால் தேதி போட்டு, எனக்கென்று வைத்த டப்பாவில் போட்டுவிடுகிறாள். அம்மாவிடம் நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.