சிவப்பு மண்ணில் ஒரு டப்பா

12 அக்டோபர் 2024, சனி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரெட் டாப் மவுண்டன் மாநிலப் பூங்கா. கம்மிங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம், வண்டி நிறுத்த 5 டாலர். எட்டாம் வகுப்பில் மகளுக்கு ஜார்ஜியா வரலாறு பாடம். புத்தகத்தை எடுத்தால் கொட்டாவி விடுகிறாள். ஜியோகேஷிங் என்றால் எனக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறாள். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு தேடும் விளையாட்டு. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. மறுநாளே ஆரிகனில் ஒருவர் காட்டில் ஒரு வாளியை வைத்துவிட்டு, இடத்தை இணையத்தில் அறிவித்தார். எப்போது நிறுத்துவார்கள் என்று காத்திருந்தார் போலும்!

பைன் மரங்களுக்கடியில் கைப்பேசியின் அம்புக்குறி நிலைகொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் சுற்றியதில் கிடைத்தது முகத்தில் ஒட்டிய சிலந்தி வலைதான். "கிடைக்கவில்லை" என்று பதிந்துவிட்டு எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம்.

இந்த மாநிலத்தில் கார் நம்பர் பலகையின் அடியில் பெரும்பாலும் கவுன்டியின், அதாவது இங்கத்திய மாவட்டத்தின், பெயர் ஒட்டியிருக்கும். நிறுத்துமிடத்தில் மகள் படித்துக்கொண்டே வந்தாள்: பார்ட்டோ, காப், செரோக்கி, பால்டிங். எங்கள் வண்டிக்கு வந்ததும், "அப்பா, ஃபோர்சைத் யார்?" என்றாள். பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறேன். தெரியவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு

ஜான் ஃபோர்சைத்: ஜார்ஜியாவின் ஆளுநர், பிறகு அமெரிக்க வெளியுறவுச் செயலர்.

தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய மாநிலம் இது. அங்கே 38 மாவட்டங்கள், இங்கே 159 கவுன்டிகள். கோவேறு கழுதை வண்டியில் கவுன்டியின் தலைநகருக்குப் போய், வேலை முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்றுதான் இப்படிச் சிறிதாக வெட்டினார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். அளவில் நம் தாலுகாவுக்குத்தான் நெருக்கம். ஷெரிஃப், நீதிமன்றம் என்று மிடுக்கு மட்டும் மாவட்டத்துக்குரியது.

எங்கள் பக்கத்துக் கதையில் கழுதை வண்டி இல்லை. செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தை 1831இல் ஒரே கவுன்டியாக்கி, மறு வருடமே பத்தாகக் கூறுபோட்டார்கள். அதே 1832இல் அந்த நிலத்தைக் குலுக்கல் சீட்டில் வெள்ளையருக்குக் கொடுத்தார்கள். தங்கம் இருக்கும் என்று நம்பிய இடங்களில் 40 ஏக்கர், மற்ற இடங்களில் 160 ஏக்கர். செரோக்கிகளை ராணுவம் வைத்து வெளியேற்றியது 1838இல். ஆள் குடியிருக்கும்போதே வீடு இன்னொருவர் பெயரில் விழுந்திருக்கிறது. மகளின் பாடத்தை நான்தான் இரவு பதினொரு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

19 அக்டோபர், சனி

கிடைத்துவிட்டது! விழுந்துகிடந்த ஓக் மரத்தின் பொந்து. வாயில் ஏழெட்டுக் குச்சிகள் ஒரே திசையில், ஒரே நீளத்தில். "காடு இப்படி அடுக்காது" என்றாள் மகள். உள்ளே ராணுவத் தோட்டாப் பெட்டி. திறந்தால் ஈர வாடை, பிளாஸ்டிக் உறைக்குள் பதிவேடு, எழுதாத பேனா, பொம்மைக் கார், கோலிகள். எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். ஒரு கோலியை எடுத்துக்கொண்டு, கண்ணாடி வளையல் ஒன்றை வைத்தாள்.

குளிர்காலத்துக்காக அலடூனா ஏரியின் நீரை இறக்கிவருகிறார்கள், கரையெல்லாம் சிவப்பு. இரும்புத் தாது கலந்த மண். என் கால்சட்டை முழங்காலில் ஏறிய சிவப்பு இரண்டு முறை துவைத்தும் போகவில்லை.

பூங்கா இருப்பது பார்ட்டோ கவுன்டியில். முதலில் அதன் பெயர் காஸ். லூயிஸ் காஸ், அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் போர்ச் செயலர். செவ்விந்தியரை வெளியேற்றும் வேலையைப் பார்த்த ஆள். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும், அவர் வடக்கத்தியர் என்று பெயரை எடுத்துவிட்டு, மனாசஸ் போரில் இறந்த தெற்குத் தளபதி பார்ட்டோவின் பெயரை வைத்தார்கள். செரோக்கிகளை விரட்டியதற்காக அல்ல.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிச் சாமான் வாங்க ஆல்ஃபரெட்டா. முறுக்கு மாவைவிட நம்பர் பலகைகளில்தான் மகளுக்குக் கண். மில்டன் கவுன்டியைத் தேடாதே என்றேன். இந்த ஊர் அதன் தலைநகராக இருந்தது, 1932இல் ஃபுல்டனோடு சேர்த்துவிட்டார்கள். "அப்படியென்றால் கணக்கில் ஒன்று குறைகிறதா?" 159 என்பது அதைக் கழித்த பிறகுதான்.

இதுவரை நம்பர் பலகைகளில் 26 கவுன்டிகளின் பெயர்களைப் பார்த்தாயிற்று. கடைசியாகச் சேர்ந்தது லம்ப்கின், மளிகைக் கடை வாசலில் ஒரு பழைய பிக்கப் டிரக்.