பயிற்சி அம்புக்கும் கணக்கு உண்டு

வார நாள்களில் கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வார இறுதிகளில் வில்வித்தைப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் போட்டிகள். அங்கே என்னிடம் வரும் புகார்களில் பல, புள்ளி எழுதத் தொடங்கும் முன்பே வந்துவிடும். எல்லாம் பயிற்சி அம்புகளை, அதாவது போட்டிக்கு முன் புள்ளி இல்லாமல் எய்து பார்க்கும் அம்புகளைப் பற்றியவை. அவர்களுக்கு ஒரு தடவை கூடுதலாகக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது உடம்பைத் தளர்த்திக்கொள்ளும் நேரம் போலத் தெரியும். கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு அன்றைய நாளின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

காரணம் சைட். வில்லில் பொருத்தியிருக்கும் அந்தச் சிறு குறி, கண்ணிலிருந்து முக்கால் மீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும். இலக்கோ 60 மீட்டர் தள்ளி நிற்கிறது. சைட் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அங்கே அம்பு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தள்ளிப் போய்க் குத்தும். 122 சென்டிமீட்டர் இலக்குத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 12.2 சென்டிமீட்டர். அதாவது, நட்டநடுவில் பாய வேண்டிய அம்பு ஒன்பதுக்குப் போய்விடும். சொந்தத் திடலில் குறித்துவைத்த அளவு வேறொரு திடலில் அப்படியே பொருந்துவதும் இல்லை. காற்று வேறு, வெளிச்சம் வேறு. அதனால் எய்து பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். அம்பு போன பக்கமே சைட்டை நகர்த்து என்பது பிள்ளைகளுக்கு முதல் பாடம். மேலே போனால் மேலே, இடப்பக்கம் போனால் இடப்பக்கம். ஒரு தடவை எய்து பார்க்க, இன்னொரு தடவை நகர்த்தியது சரியா என்று பார்க்க, பதற்றத்தில் விலகியதைக் கழித்துப் பார்க்க இன்னொன்று. ஒரு தடவை கோட்டுக்குப் போய் எய்யும் அம்புகளின் தொகுதியை எண்ட் என்போம். மூன்று எண்டாவது இல்லாமல் ஒரு பிள்ளை தன் சைட்டை நம்ப முடியாது.

பயிற்சி நேரம் குறைந்தது 20 நிமிடம், அதிகம் 45 நிமிடம் என்று உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதி சொல்கிறது. காகிதத்தில் எல்லாருக்கும் ஒரே நேரம்தான். ஆனால் ஓர் இலக்குக்கு நான்கு பேர், ஏபி ஒரு குழு, சிடி ஒரு குழு என்று மாறி மாறி எய்யும்போது 45 நிமிடம் பாதியாகிவிடும். நடந்து போய் அம்பைப் பிடுங்கி வரும் நேரத்தையும் கழியுங்கள். அப்புறம் உபகரணச் சோதனை. பெரிய போட்டிகளில் அதை முந்தின நாளே முடித்துவிடுவார்கள். நம் பள்ளிப் போட்டிகளில் அதே காலையில்தான் நடக்கும். அம்பின் தண்டு 9.3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது, ஒவ்வோர் அம்பிலும் பெயரோ பெயரின் முதலெழுத்தோ இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் வரிசை நீண்டுவிடும். வரிசையின் கடைசியில் நிற்பது யார்? ஈப்போவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்த பிள்ளைகள். பக்கத்துத் தாமானிலிருந்து, அதாவது பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் அதற்குள் சோதனையை முடித்து இரண்டாவது எண்ட் எய்துகொண்டிருப்பார்கள்.

அப்படியொரு காலையில் நடந்தது இது. பயிற்சி முடிந்ததாக அறிவித்து, அம்புகளைப் பிடுங்கி, எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். இரண்டு விசில் அடித்தால் கோட்டுக்கு வர வேண்டும், ஒரு விசில் அடித்தால் எய்ய வேண்டும். இரண்டும் இன்னும் அடிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் கோட்டுக்குப் போய் ஓர் அம்பை விட்டுவிட்டான். விதி தெளிவானது: அந்த அம்புக்குப் புள்ளி இல்லை. அதோடு அடுத்த எண்டில் அவன் எடுக்கும் மிக உயர்ந்த புள்ளியும் போகும். அவன் எடுத்தது 9, 9, 8, 8, 7, 6. ஓர் ஒன்பதை அடித்து, அந்த இடத்தில் ‘எம்’ என்று எழுதினேன். மிஸ், புள்ளி இல்லை என்று அர்த்தம். 47 புள்ளி 38 ஆனது.

அவன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். “டீச்சர், அது பிராக்டிஸ் அம்புதானே? அதுக்குப் போய் எதுக்குப் புள்ளிய வெட்டுறீங்க?”

“பிராக்டிஸ் முடிஞ்சப்புறம் விட்ட அம்புங்க அது. யாராச்சும் தாளைச் சரிபண்ணத் திரும்பி நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க” என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பையன்தான் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: “அடுத்த எண்ட்லயும் வெட்டுவீங்களா டீச்சர்?”

“இல்லப்பா. அதோட முடிஞ்சது. நீ உன் அம்பைப் பாரு.”

அப்புறம் அவன் பயிற்சியாளரிடம் விசாரித்தேன். பையன் சோதனை வரிசையில் நின்று வந்ததால் அவனுக்குக் கிடைத்தது ஒரே ஓர் எண்ட். சைட்டை நகர்த்திவிட்டு, அது சரியா என்று பார்க்க வழியில்லாமல் தவித்திருக்கிறான். புள்ளியை வெட்டியது சரிதான். நாளைக்கும் வெட்டுவேன், என் சொந்தப் பிள்ளையானாலும் வெட்டுவேன். ஆனால் அவனுக்குச் சேர வேண்டிய பயிற்சியைக் கொடுக்காமல் விதியை மட்டும் முழுதாகக் கேட்கிறோமே என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. நேரத்தை அளந்து கொடுப்பது போதாது, எண்டை எண்ணிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு நான் போகும் போட்டிகளில், தூரத்திலிருந்து வருபவர்களுக்கு முதலில் சோதனை என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுகிறேன். சோதனை முடியாத பிள்ளை ஒன்று இருந்தாலும் பயிற்சியை மூட விடுவதில்லை.

மழைதான் இன்னொரு தொல்லை. கோலாலம்பூரில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கினால் திடலை மூடியே ஆக வேண்டும். அந்தப் பயத்தில் முதலில் கைவைப்பது பயிற்சி நேரத்தில்தான். “டீச்சர், மூணு மணிக்கெல்லாம் மழை பிடிச்சுக்கும், பிராக்டிஸைப் பத்து நிமிஷத்துல முடிச்சிடலாமே” என்றார் ஓர் ஏற்பாட்டாளர். “அண்ணே, உங்க பிள்ளைங்க தினமும் இந்தத் திடல்லதான் எய்யுறாங்க. அவங்களுக்குப் பத்து நிமிஷமே போதும். வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு?” என்று கேட்டேன். நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிரமுகர் உரையையும் சாப்பாட்டு இடைவேளையையும் குறைத்தார். பயிற்சி நேரம் தப்பியது.

பயிற்சிக்குப் பிறகு தாளை மாற்றாமல் விட்டால் அதிலும் ஒரு நியாயப் பிரச்சினை வரும். இலக்கில் பட்டு எகிறி விழுந்த அம்புக்கு, தாளில் குறியிடப்படாத ஓட்டையைப் பார்த்துத்தான் புள்ளி கொடுப்போம். பயிற்சி ஓட்டைகளையெல்லாம் பேனாவால் குறித்துவைக்காவிட்டால் எந்த ஓட்டை யாருடையது என்று எப்படிச் சொல்வது? முதல் எண்டுக்கு முன் ஒவ்வொரு தாளாகப் போய்ப் பார்ப்பேன். அலுப்பான வேலைதான், ஆனால் விடவே கூடாது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. வசதி குறைந்த பள்ளிகளில் இரண்டு பிள்ளைகள் ஒரே வில்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவருக்கு வைத்த சைட் மற்றவருக்குப் பொருந்தாது. இருவரையும் ஒரே குழுவில் போட்டுவிட்டால் ஒருவர் எய்யும்போது மற்றவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். கோட்டுக்குப் பின்னால் நின்று நாணை இழுத்துப் பார்க்கவும் விதி இடம் கொடுக்காது, ரப்பர் பட்டையைத்தான் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரை ஏபியிலும் மற்றவரைச் சிடியிலும் போட்டால் இருவருக்கும் பயிற்சி முழுதாகக் கிடைத்துவிடும். அதற்குப் பதிவுப் படிவத்தில் ‘வில் பகிர்வு உண்டா’ என்று ஒரு கட்டம் இருந்தால் போதும். அடுத்த போட்டியின் ஏற்பாட்டுக் கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.